அடுப்பேறாத அஞ்சாவது சக்கரம்

சக்கரத்துக்குப் பெயின்ட் அடிக்க என்ன விலை என்று கேட்டு, பதில் வந்த பிறகும் முகம் மாறாமல் நின்ற மனிதரை நான் பார்த்ததே இல்லை. தையற்காரர், பல் டாக்டர், மேளக்காரர் என்று விலை சொல்லிப் பிழைக்கிற எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும். நாம் சொல்லி முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் நம்மைத் திருடன் என்று தீர்மானித்துவிடுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மந்தைவெளியில் விறகு விற்கும் தொட்டி ஒன்றுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் எனக்கு இந்த உத்தியோகம். அதற்கு முன் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் புடவை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என் வாய்ச் சாமர்த்தியத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கொட்டகை முதலாளி இங்கே கூட்டிவந்துவிட்டார். பழைய கார்களின் சக்கரங்களைச் சுரண்டி, புதுப் பெயின்ட் அடித்து, அடுப்பில் வைத்துச் சுட்டுத் தருவது எங்கள் தொழில். பேசுவது நான். மற்ற எல்லாம் பெயின்டர் சூசை.

சூசை சாந்தோம் குப்பத்துக்காரன். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் கட்டுமரத்தில் கால் வைத்தாலே வாந்தி. "கடலு என்னத் துப்பிடுச்சி அண்ணாச்சி" என்பான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அவனைப் போல ஒரு வேலைக்காரனை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. இதை அப்போதே அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

குடித்தனம்

சக்கரத்துக்குப் பதினெட்டு ரூபாய். ஏன் பதினெட்டு என்று கேட்பார்கள், நானும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். டயரைக் கழற்ற வேண்டும். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முழுக்க ஊறப்போட வேண்டும். பழைய பெயின்ட் தோல் தோலாக உரிந்ததும் கழுவி, இரும்பு பளிச்சென்று ஆகும்வரை எமரித் தாளால் தேய்க்க வேண்டும். துருப் பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு ஒரு கோட். அதன் மேல் கலர் இரண்டு கோட், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறை அடுப்பு. சுட்ட பெயின்ட் நகத்தால் கீறினால் வராது, பெட்ரோல் சிந்தினால் கரையாது. இத்தனையும் சொல்லலாம், ஆனால் காட்ட முடியாது. புடவை என்றால் ஜரிகையைத் தொட்டுப் பாருங்கள் என்பேன். சூட்டை எப்படித் தொட்டுப் பார்க்கச் சொல்வது?

ரிடையரான அதிகாரி ஒருவர் அடையாறிலிருந்து வந்தார். நான் சொன்னது அத்தனையையும் ஒரு பைலைப் படிப்பதுபோலப் பொறுமையாகக் கேட்டார். மனத்துக்குள் நாலால் பெருக்கினார். பிறகு குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "என் வீட்டுக்கு வெள்ளையடிக்கவே எழுபத்திரண்டு ரூபாய் ஆகலை. அந்த வீட்டுல நாங்க ஏழு பேர் குடியிருக்கோம். உன் சக்கரத்துல யாருப்பா குடியிருக்கா?"

மாமியின் கைக்கனம்

எங்கள் அடுப்பு செங்கல் வைத்துக் கட்டி, உள்ளே தகடு அடித்து, மின்சாரக் கம்பிச் சுருள் போட்டது. அதை ஏற்றினால் தெருவில் பாதி வீட்டு விளக்கு மங்கிவிடும். சூடு பார்க்க முதலாளி ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தந்திருந்தார். அது முதல் மாதமே வெடித்துவிட்டது. சூசை கவலைப்படவில்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் பச்சை அப்பளம் வாங்கி, பாதியாகக் கிள்ளி, ஒரு கம்பியில் மாட்டி அடுப்புக்குள் நீட்டுவான். நூறு எண்ணுவதற்குள் விளிம்பு சுருண்டு கொப்புளம் கட்டினால் சூடு சரி, சக்கரம் உள்ளே போகலாம். கருகினால் கதவைத் திறந்து ஆற விடுவான். அப்படியே கிடந்தால் காத்திருப்பான். அந்த அப்பளத்தை நம்பிச் சுட்ட சக்கரம் ஒன்றுகூட உரிந்து திரும்பி வந்ததில்லை.

மாமி அப்பளம் இட்டு விற்றுக் குடும்பம் நடத்துகிறவர். வாரத்துக்கு இரண்டு டஜன் வாங்குகிறோமே, நல்ல சாப்பாட்டு ராமன்கள் என்று நினைத்திருக்கிறார். ஒரு நாள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவர் திகைத்து நின்றுவிட்டார். "தின்கிற பண்டத்தை நெருப்புல போடறேளே! இதுக்கு எங்காத்து அப்பளம்தான் கிடைச்சுதா, கடையில விக்கறதைப் போட்டா ஆகாதா?" என்று சண்டைக்கு வந்தார். சூசை பதறிப்போய்க் கைகட்டி நின்றான். "கடை அப்பளம் ஒண்ணு தடியா கீது, ஒண்ணு மெலிசா கீது மாமி. அத்த நம்பி சூடு பாக்க முடியாது. நீ இடுறது நூறு எடுத்தாலும் நூறும் ஒரே கனம்" என்றான்.

மாமி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இருபது வருஷமா இடறேன் அண்ணாச்சி. எங்காத்துக்காரர் ஒரு நாள் இதைச் சொன்னதில்லை."

கழித்துக்கொள்ள ஒரு கணக்கு

சக்கரத்தைக் காரோடு பிடிக்கும் போல்ட்டுக்கு ஓட்டைகள் உண்டல்லவா? சூசை பெயின்ட் அடிக்குமுன் ஒவ்வொரு ஓட்டையிலும் பழைய போல்ட்டையும் நட்டையும் போட்டு இறுக்கிவிடுவான். நட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால், ஓட ஓட அது நசுங்கி நட்டு லூசாகும், ஒரு நாள் சக்கரம் தனியாகப் போகும் என்பது அவன் கட்சி. வேலை முடிந்து கழற்றினால், ஓட்டையைச் சுற்றிக் காலணா அகலத்துக்கு வெறும் இரும்பு வட்டம் தெரியும். தி.நகர் டாக்டர் ஒருவர் தம் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நான் காரணத்தை விளக்கினேன், மிகவும் பாராட்டினார். பிறகு பர்ஸை எடுத்துக்கொண்டே சொன்னார்: "ரொம்ப சரி. பெயின்ட் படாத இந்த இடத்தை எல்லாம் கூட்டிப் பார்த்து அதுக்கு உண்டானதைக் கழிச்சுக்குங்க."

கிலுகிலுப்பை

இனி என் பெருமையையும் கொஞ்சம் கேளுங்கள். சூசை மாதா கோயில் திருவிழாவுக்கு லீவு போட்ட ஒரு நாள், கோடம்பாக்கத்திலிருந்து சினிமாக் கம்பெனி ஆள் ஒருவர் மிகப் பழைய காரின் சக்கரம் நாலு கொண்டுவந்தார். ஆரங்கள் எல்லாம் மரம், வெளி வளையம் மட்டும் இரும்பு. அவசரம் என்றார். எல்லாம் பார்த்துப் பழகியதுதானே என்று நானே பழைய பெயின்டைச் சுரண்டி, புதுசு அடித்து, நானே அப்பளம் காட்டி, நாலையும் அடுப்பில் ஏற்றிவிட்டேன். வெளியே எடுத்தபோது மினுமினுவென்று இருந்தது. உருட்டினால் கடகடவென்று சத்தம். மரம் காய்ந்து சுருங்கி, ஆரம் ஒவ்வொன்றும் குழியில் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் சூசை வந்து ஒரு சக்கரத்தைத் தூக்கி, குழந்தைக்கு ஆட்டுவதுபோலக் காதருகே ஆட்டிப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "மரத்த யாராவது சுடுவாங்களா அண்ணாச்சி" என்று மட்டும் கேட்டான். எங்கள் கொட்டகையில் அவன் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஓடத் தகுதி இல்லாத சக்கரத்துக்கு ரெட் ஆக்சைடோடு சரி, அதற்கு மேல் கலர் ஏறாது. செங்கல் நிறத்தைப் பார்த்தால் எவனும் தெரியாமல் மாட்டிவிட மாட்டான் என்பதற்காக. அந்தச் சட்டப்படி, என் மினுமினு பெயின்டின் மேல் நாலு சக்கரத்திலும் உள்பக்கமாக ரெட் ஆக்சைடில் பட்டையாக ஒரு கோடு இழுத்தான். வண்டி ஆசாரியிடம் கொடுத்து ஆரங்களை இறுக்கிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று, என்னைப் பேச விடாமல், சக்கரம் எடுக்க வந்த கம்பெனி ஆளிடம் தானே சொன்னான். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். வந்தவர் சிரித்தார்: "இந்த வண்டி ஓடவே போறதில்லை சார். ஹீரோ இது மேல சாஞ்சு நின்னு அழணும், அவ்வளவுதான்."

ஆடியில் எங்களுக்குத்தான் முகூர்த்தம்

ஊருக்கெல்லாம் ஆடி மாதம் தள்ளுபடி. எங்களுக்கு அதுதான் சீசன். மயிலாப்பூரில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டி, திறந்த காரில் ஜானவாச ஊர்வலம் விடுவார்கள். அதற்கென்றே பழைய சீமைக் கார்களை வைத்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். ஆடியில் கல்யாணம் இல்லாததால் அவர்கள் வண்டியைச் செங்கல் மேல் நிறுத்திவிட்டு, சக்கரங்களைக் கழற்றி ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு எங்களிடம் வருவார்கள்.

அப்படி வந்தவர் மாணிக்கம். சொத்து, தொழில் எல்லாமே அந்த ஒரு திறந்த கார்தான். புதுசு புதுசாகக் கார்கள் வந்துகொண்டிருந்த காலம். போன சீசனில் பாதிக் கல்யாணம் கைநழுவிப் போயிருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று பிடித்திருந்தார். அந்த ஊர்வலத்தில் வண்டி ஜொலித்தால், பார்க்கிற நாலு பேர் கேட்டு வருவார்கள். இல்லாவிட்டால் காரை எடைக்குப் போட வேண்டியதுதான். இதை அவரே சொன்னார், சொல்லும்போது குரல் உடைந்தது. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து சக்கரம், ஐந்தும் பாதாம்பால் நிறம் வேண்டும் என்றார். நான் தேதியும் சொல்லி, கையில் அடித்துச் சத்தியமும் செய்துவிட்டேன்.

காஸ்டிக் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவியதும், சூசை ஒவ்வொரு சக்கரத்தையும் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினான். நாலு சக்கரம் கோயில் மணி மாதிரி 'ணங்'கென்றது. ஐந்தாவது 'டக்'கென்றது. விரலால் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினான். ஒரு போல்ட் ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டை வரைக்கும் மயிரிழை போல விரிசல். ஆறேழு கோட் பழைய பெயின்டுக்கு அடியில் எத்தனை கல்யாணம் பார்த்ததோ.

"இது செவப்போட சரி" என்று சொல்லி, அதற்கு ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து வைத்தான் சூசை. அதே அளவில் வேறு சக்கரத்துக்கு ஊரெல்லாம் தேடியும் ஆடி முடிவதற்குள் கிடைக்கவில்லை. மாணிக்கம் மன்றாடினார். மேளக்காரர் முன்னால் நடக்க, அவர் பின்னால் ஊர்கிற வண்டி, அதற்குப் போய் விரிசலா என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சூசை சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "கரையாண்ட முழுகினாலும் முழுகுனதுதான் நைனா."

மடிப்புக்குள் கிழிசல்

ஜவுளிக்கடையில் இதற்கு ஒரு வழி உண்டு. புடவையில் சின்னக் கிழிசல் இருந்தால் அதை உள்மடிப்பில் வைத்து மடித்துவிடுவோம். மறுநாள் மாணிக்கம் சூசை இல்லாத நேரம் பார்த்து வந்து, "அண்ணாச்சி, அஞ்சாவது எப்படியும் பக்கவாட்டுல தொங்கப் போறதுதான். அழகுக்கு மட்டும் அடிச்சுக் குடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டபோது, அந்தப் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. அந்த மனிதர் கண்ணில் தண்ணீர். நான் செய்து கொடுத்த சத்தியம் வேறு.

சூசை மத்தியானம் சைக்கிளில் குப்பத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். அந்த நேரத்தில் நான் ஸ்ப்ரே கன்னை எடுத்து ஐந்தாவது சக்கரத்துக்குப் பாதாம்பால் அடித்துவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, வழியாமல், திட்டு விழாமல், என் வாழ்நாளில் நான் அடித்த ஒரே நல்ல கோட் அதுதான். அப்பளத்தைக் கம்பியில் மாட்டும்போது வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது.

சூசை உள்ளே வந்து பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, சக்கரத்தை மட்டும் பார்த்தான். தின்னரில் துணியை நனைத்து, அடித்த பெயின்ட் முழுவதையும், ஓர் ஓட்டையைக்கூட விடாமல் துடைத்து எடுத்தான். அடியில் செங்கல் நிறம் தெரிந்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவன் முதலாளியிடம் சொல்லவில்லை, அதன் பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான்: "சோக்காத்தான் அடிச்சிக்கிற அண்ணாச்சி. தப்பான சக்கரத்துல அடிச்சிட்ட."

லாட ஆணி

நாலு பாதாம்பால், ஒரு செங்கல் என்று மாணிக்கம் வாங்கிக்கொண்டு போனார். காரின் பக்கவாட்டில் செவப்பு ஸ்டெப்னியை மாட்டினால், மாப்பிள்ளைக்கு முன்பல் விழுந்த மாதிரி இருக்கிறது என்று வழி நெடுகத் திட்டினாராம். ஊர்வலத்தன்று மனசு கேட்காமல் நானும் சூசையும் தெப்பக்குளத்து ஓரம் போய் நின்றோம். நாதஸ்வரம், இரு பக்கமும் தலையில் காஸ் லைட், நடுவே கார். அந்த வெளிச்சத்தில் சக்கரங்கள் நாலும் காய்ச்சிய பால் மாதிரியே சுழன்றன. செவப்புச் சக்கரத்தை மாணிக்கம் மல்லிகைச் சரத்தால் முழுக்க மூடியிருந்தார். காருக்குள் மாப்பிள்ளையைச் சுற்றி இரண்டு வீட்டுக் குழந்தைகளும் அடைந்துகொண்டிருந்தன. நான் எண்ணியவரை பதினொன்று.

நாங்களும் பின்னாலேயே போனோம். கார் தெற்கு மாட வீதி திரும்பியதும் முன் சக்கரம் 'புஸ்'ஸென்று இறங்கியது. மாட்டு வண்டிக்காரன் எவனோ விட்டுப்போன லாட ஆணி. மேளம் நின்றது. பெண்ணின் அப்பா ஓடிவந்தார். "ஸ்டெப்னி இருக்கோல்லியோ? போட்டு ஓட்டுய்யா. சத்திரம் அதோ தெரியறது, நூறு அடி!" என்று கத்தினார். மாணிக்கம் மல்லிகைச் சரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஐந்தாவது சக்கரத்தைக் கழற்றினார். நான் சூசையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாணிக்கம் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். காஸ் லைட்டில் அந்தச் செவப்பு அப்படித் தெரிந்தது. குழந்தைகள் காரை விட்டு இறங்காமல் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தன. அவர் ஒருமுறை அவர்களைப் பார்த்தார். பிறகு சக்கரத்தைத் திரும்பவும் பக்கவாட்டில் மாட்டினார். "இது ஓடாது சார். பெயின்ட் அடிக்கல பாருங்க" என்றார். பெண்ணின் அப்பா வாய்க்கு வந்தபடி பேசினார். அத்தனையையும் மாணிக்கம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அவருடைய சீசன் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது மாப்பிள்ளை கார்க் கதவைத் திறந்து இறங்கினார். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை. குழந்தைகளும் ஒவ்வொன்றாகக் குதித்தன. மேளக்காரரைப் பார்த்து நடக்கலாம் என்று சைகை காட்டிவிட்டு, மாப்பிள்ளை கேட்டார்: "ஒரு மணி நேரமா இதுக்குள்ள வெந்துண்டிருந்தேன். அந்தச் சக்கரத்துக்குப் பெயின்ட் அடிக்காம விட்ட புண்ணியவான் யாரு?"

செவப்பு வேண்டும்

மறுநாள் காலை, முகூர்த்தம் முடிந்த கையோடு பெண்ணின் அப்பா மாணிக்கத்தைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். கூலியில் கைவைப்பார் என்று இவர் நடுங்கிக்கொண்டே போயிருக்கிறார். அவரோ முதலில் ஏன் ஒரு சக்கரம் மட்டும் செவப்பு என்று விசாரித்திருக்கிறார். விரிசலைப் பற்றிக் கேட்டுவிட்டு, முந்தின நாள் அந்தக் காரில் இருந்த பேரன் பந்தலில் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் சொன்னாராம்: "தை மாசம் அடுத்த பொண்ணுக்கும் உன் வண்டிதான். அந்தச் செவப்புச் சக்கரத்தோடயே வா."

விஷயம் மாட வீதிகளில் பரவிவிட்டது. அந்த சீசன் முழுக்க, செவப்புச் சக்கரத்து வண்டி எங்கே என்று கேட்டுக்கொண்டு மாணிக்கம் வீட்டுக்கு ஆள் வந்தது. அடுத்த ஆடியில் அவர் எங்களிடம் வந்தபோது ஆளே ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். புதுப்பேட்டையில் அதே அளவில் நல்ல சக்கரம் ஒன்று அகப்பட்டிருந்தது. சூசை தட்டிப் பார்த்தான், 'ணங்'கென்றது. ஐந்தும் பாதாம்பால்தானே என்று கேட்டேன். மாணிக்கம் பதறிப்போனார். ஐந்தாவதுக்கு ரெட் ஆக்சைடுதான் வேண்டும், கல்யாண வீட்டார் அதைத்தான் கேட்கிறார்கள், வேண்டுமானால் முழு விலையும் தருகிறேன் என்றார். முழு விலை என்றதும் எனக்கு வாயெல்லாம் பல்.

சூசை மட்டும் அசையவில்லை. அப்பளத்தைக் கிள்ளிக் கம்பியில் மாட்டிக்கொண்டே சொன்னான்: "ஓடாததுக்கு ஓடுற வேசம் போட மாட்டேன்னு சொன்னேன் நைனா. ஓடுறதுக்கு மட்டும் ஓடாத வேசம் போடுவனா?"

சக்கரத்துக்குப் பதினெட்டு ரூபாய் என்று பத்து வருஷம் வாய் கூசாமல் விலை சொன்ன எனக்கு, சூசை அடிக்காமல் விட்ட அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் என்ன விலை என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.